விரல்தடமற்ற சமையலறை

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பணிப்பதிவேட்டில் மட்டுமே வழங்கிவந்தது. குடிநீர்த் துறையின் மீட்டர் சோதனைக் கூடத்தில் மேலதிகாரி முதல் வாயிற்காவலர் வரை யாவரும் அவரை 'முத்திரை' என்றே அழைத்தனர். பழுது நீக்கிய தண்ணீர் மீட்டரை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்து, மூன்று முறையும் அளவு ஒத்திருந்தால் ஈயக் குண்டைக் கோத்து அழுத்தி முத்திரையிடுவது அவரது வேலை. அவ்வாறு அவர் முத்திரையிட்ட மீட்டரை அதன்பின் எவரும் ஐயுறுவதில்லை. அவரும், முத்திரை விழுந்த எதனையும் ஐயுற்றதில்லை. வீட்டைப் பூட்டியபின் பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பார். கடிதம் எதுவாயினும் அடியிலுள்ள அச்சகத்தின் பெயர் வரையில் படிப்பார். படிவங்களில் 'பொருந்தாதவற்றை அடிக்கவும்' என்றிருந்தால் அளவுகோல் வைத்து அடிப்பார். பேருந்து நிறுத்தத்தில் தாம் ஒருவரே நிற்க நேர்ந்தாலும் வரிசையாகவே நிற்பார்.

அவருடைய மனைவியாருக்குப் பதினோராண்டுகளுக்கு முன் கண்பார்வை மங்கத் தொடங்கி, ஏழாண்டுகளுக்கு முன் முற்றிலும் அவிந்துபோயிற்று. "பல்பு போயிடுச்சுங்க. வீடு அப்படியே இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்று அன்றைக்கு அம்மையார் கணவரிடம் கூறினார். கூறியவாறே பார்த்துக்கொள்ளவும் செய்தார். கூடத்துச் சுவரில் இடக்கையை வைத்துக்கொண்டே ஒன்பது அடி நடந்தால் சமையலறை. முத்திரை, துறையின் கழிவுக் கிடங்கிற்கு முறைப்படி விண்ணப்பித்து, பழைய வால்வுகளின் பித்தளைப் பிடிகளைப் பெற்றுவந்து, அலமாரிக் கதவுக்கு ஒன்றாகப் பொருத்திக் கொடுத்திருந்தார். அரிசிக்குச் சிறு சக்கரம். உப்புக்கு உருண்டைத் தலை. சர்க்கரைக்கு ஐந்து முனை. எண்ணெய்க்கு நீண்ட நெம்புகோல். கத்திகள் கிடந்த இழுப்பறைக்கு மட்டும், தொட்டவுடன் கை எச்சரிக்கை கொள்ளுமாறு பல்பல்லாக வெட்டிய ஒன்று. அடுப்பின் திருகைத் திருப்பும்போது எழும் 'டக்' என்னும் ஒலியை எண்ணித் தீயின் அளவை அம்மையார் அறிவார். அச்சமையலறைக்குள் அம்மையார் நடமாடிய வேகத்தில் கண்ணுடையோர் நடமாடியிருந்தால் எதிலேனும் மோதியிருப்பர்.

வீடு சொந்த வீடன்று; ஊழியர் குடியிருப்பில் ஒதுக்கப்பட்டது. ஒரே வீட்டில் முப்பதாண்டுகள் குடியிருப்போருக்கு அவ்வீட்டின் உரிமைப் பத்திரம் வழங்கப்படும் என்பது விதி. முத்திரைக்கு இருபத்தேழு ஆண்டுகள் நிறைந்திருந்தன. தமக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், பத்திரம் இல்லாவிடில், மனைவி அம்மாதமே வெளியேற வேண்டியிருக்கும். கண்ணில்லாதவளுக்குப் பழகிய வீடு போனால் கண் இரண்டாம் முறை போனதாகும் என்று அவர் எண்ணினார். ஆகவே அந்தப் பத்திரம் ஒன்றுதான் அவருக்கு வாழ்வில் எஞ்சியிருந்த குறிக்கோள்.

இந்நிலையில்தான் சமையலறைச் சீர்மை வாரியம் தோன்றிற்று.

அதன் தோற்றம் பற்றிச் சிறிது கூறவேண்டும். குடியிருப்புக் கட்டிடங்கள் இடிந்து விழாமல் கண்காணிப்பதற்கென முன்னர் ஒரு வாரியம் இருந்தது. சில கட்டிடங்கள் இடிந்து விழுந்தபின், கண்காணிப்பதற்கு அவை இல்லாமற்போகவே, அதில் பணியாற்றிய நூற்றுப் பன்னிருவருக்கும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. வல்லுநர் குழு ஒன்று கூடி, இடிந்து விழுவதற்கு இடமில்லாத துறை எது என்று ஆராய்ந்து, சமையலறை அழகு என்று கண்டுபிடித்தது. அன்று முதல் ஆண்டுதோறும் வழவழப்பான தாளில் 'இவ்வாண்டின் போக்கு' என்றொரு நூல் வெளிவரலாயிற்று. உரிமைப் பத்திரம் வேண்டுவோர் கடைசி மூன்றாண்டுகளுக்கும் நற்சமையலறைச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதியும் திருத்தப்பட்டது. போக்கு ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, சென்ற ஆண்டின் போக்கு போய்விட்டமையால் என்று வாரியம் எழுத்து மூலம் விடையளித்தது.

முதலாண்டின் போக்கு, கைப்பிடியற்ற சமையலறை.

ஆய்வாளர் வந்தபோது அம்மையார் அடுப்பருகே நின்றிருந்தார். ஆய்வாளர் மரியாதை தெரிந்தவர். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, பித்தளைப் பிடிகளை ஒவ்வொன்றாகக் கைவிளக்கால் பார்த்தார்.

"சார், இதெல்லாம் எடுத்துடணும். இது கைப்பிடி இல்லாத வருஷம்."

"எடுத்துட்டா எப்படிங்க திறக்கறது?"

"லேசா அழுத்தினா தானா திறக்கும். புக்ல பன்னிரண்டாம் பக்கம் படம் போட்டிருக்கு. எல்லாக் கதவும் ஒரே மாதிரி, வெள்ளையா, வழவழன்னு."

"எது அரிசி, எது உப்புன்னு..."

"திறந்து பாத்தா தெரிஞ்சுடப் போகுது சார்."

"எங்க வீட்டம்மாவுக்குக் கண் தெரியாதுங்க."

ஆய்வாளர் உண்மையிலேயே வருந்தினார். கைவிளக்கை அணைத்துவிட்டுப் படிவத்தைப் புரட்டினார். "அப்படின்னா சார், இங்க 'சமையலறையைப் பார்ப்போர் எண்ணிக்கை'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல உங்க ஒருத்தரைத்தான் போட முடியும். இரண்டுன்னு போட்டா பொய்த் தகவல் ஆயிடும்."

"சமைக்கிறவங்களுக்குக் கட்டம் இல்லீங்களா?"

"சமையல் உணவுத் துறை சார். நாங்க சமையலறை மட்டும்தான்."

அம்மையார் கரண்டியைத் தட்டிவிட்டுத் திரும்பினார். "தம்பி, நான் கட்டத்துல இல்லேன்னாலும் அடுப்புகிட்டதான் நிக்கிறேன். காது நல்லா கேக்குது. டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. ஆய்வு நேரத்துல சமையலறையைப் பயன்படுத்தினா தரம் குறையும்."

முத்திரை அன்று மாலையே திருப்புளியை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். நூலின் கடைசிப் பக்கத்தில் வாரியத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. முத்திரையிடுவோர் சோதித்துப் பாராமலா இட்டிருப்பர்? காரணம் ஏதேனும் இருக்கும். தமக்கு எட்டவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு பிடியாக அவர் கழற்றக் கழற்ற, அம்மையார் ஒவ்வொரு துளையிலும் விரலை வைத்துப் பார்த்தார். மறுநாள் தச்சர் வந்து துளைகளையும் அடைத்து வெண்ணிறம் பூசிச் சென்றார்.

அடுத்த வாரம் முழுவதும் அம்மையார் கதவுகளை இடமிருந்து வலமாக முட்டியால் தட்டி எண்ணி மனப்பாடம் செய்தார். இடுப்புப் பட்டால் இரண்டு கதவுகள் திறந்துகொண்டன. ஒன்றை மூடப்போனால் மற்றொன்று திறந்தது. ஒருநாள் காலை, முத்திரை குடித்துவைத்த குவளையின் அடியில் எஞ்சிய தேநீரை அம்மையார் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார்.

"இது எத்தனை நாளாங்க?"

"எது?"

"உப்புப் போட்ட டீயை இத்தனை நாளாக் குடிச்சுட்டு வேலைக்குப் போயிருக்கீங்க. நாக்குக்கும் ஈயம் வச்சு அமுக்கிட்டீங்களா?"

அவர் சிரித்தார். அம்மையாரும் சிரித்தார். அவ்வீட்டில் வாரியத்தைக் குறித்து இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

முதற் சான்றிதழ் வந்தது.

இரண்டாமாண்டின் போக்கு, சுவரற்ற சமையலறையும் அதன் நடுவே ஒரு தீவு மேடையும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை இடித்துவிட வேண்டும்; இடித்துக் கிடைக்கும் வெற்றிடத்தின் மையத்தில், எதனோடும் ஒட்டாமல், இடுப்பளவு உயரத்தில் கல்மேடை ஒன்று அமைக்கவேண்டும். அம்மையார் கை வைத்து நடந்த சுவர் அது. முத்திரை தம் பணிக்காலத்தில் முதன்முறையாக அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு, விலக்குக் கேட்டு வாரியத்தின் அலுவலகம் சென்றார்.

அலுவலகத்தில் பதினான்கு மாதிரிச் சமையலறைகள் இருந்தன. மதிய வேளையாதலின் ஊழியர்கள் மாடிப்படிகளில் வரிசையாக அமர்ந்து, வீட்டிலிருந்து கொணர்ந்த உணவை மடியில் வைத்து உண்டுகொண்டிருந்தனர். மாதிரிச் சமையலறைகளில் உண்பது தடை செய்யப்பட்டிருந்தது. முத்திரை அவர்களது கால்களுக்கிடையே வழி தேடி மேலேறித் தலைவரின் அறையை அடைந்தார்.

தலைவர் அன்பானவர். மேடையில் பேசிப் பேசி, ஒருவரிடம் பேசும்போதும் ஆயிரவரிடம் பேசுவது போலவே பேசும் வழக்கம் அவருக்கு ஏற்பட்டிருந்தது.

"ஐயா, சுவர் என்பது என்ன? மறைப்பு. எதை மறைக்கிறது? சமைப்பவரை. சமைப்பவர் ஏன் மறைந்திருக்க வேண்டும்? விருந்தினர் அமர்ந்த இடத்திலிருந்தே அவர் வியர்ப்பதைக் காண வேண்டாமா? சுவரை இடித்ததன் மூலம் பெண்களை விடுதலை செய்த முதல் வாரியம் எங்களுடையது."

"எங்க வீட்டம்மா அந்தச் சுவரைப் பிடிச்சுத்தாங்க நடப்பாங்க. அவங்களுக்குக் கண் தெரியாது."

"அறிவேன். கோப்பில் இருக்கிறது. ஆழ்ந்த வருத்தம். ஆனால் நீங்களே நடுநிலையோடு சிந்தியுங்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆண்டு முழுவதும் உழைத்து ஓர் அழகை உருவாக்குகிறோம். அதை அந்த அம்மையார் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதில் புண்பட வேண்டியவர் யார்? நாங்கள். புண்பட்டோமா? ஒரு சொல் கடிந்து சொன்னோமா?"

முத்திரை சிந்தித்தார். சொல்லவில்லை என்பது உண்மையே.

"விலக்கு வேண்டின் படிவம் இருக்கிறது. தடையேதும் இல்லை" என்று தலைவர் ஒரு தாளை நகர்த்தினார்.

முத்திரை அதனை அச்சகத்தின் பெயர் வரை படித்தார். பாதிக்கப்பட்டவர் தாமே நேரில் வந்து, பதினான்கு மாதிரிச் சமையலறைகளையும் கண்ணாரக் கண்டு, அவற்றுள் எதுவும் தமக்கு ஏற்றதன்று என்பதைத் தம் கண்ணாற் கண்டவாறே எழுதிக் கையொப்பமிடல் வேண்டும் என்று அதில் இருந்தது.

"கண்ணால பாக்க முடியாதுன்னுதாங்க விலக்கே கேக்கறோம்."

"பார்க்காமலே குறை கூறுவது முறையா, ஐயா?" என்றார் தலைவர், மிகுந்த துயரத்துடன்.

சுவர் இடிக்கப்பட்டது. கூடத்திலிருந்து சமையலறைக்குச் செல்ல இப்போது பற்றுக்கோடு ஏதுமில்லை. அம்மையார் இரு கைகளையும் முன்னே நீட்டி, வெற்றிடத்தில் ஒன்பது அடி எண்ணி நடப்பார். ஆறாவது அடியில் தீவு மேடையின் முனை இடுப்பில் இடிக்கும். ஒரு மாதத்தில் இடுப்பின் இருபுறமும் உள்ளங்கையகலம் கன்றிப்போயிற்று. "உங்க தீவுக்கு ஒரு லைட்ஹவுஸ் கட்டுங்க. தினமும் கப்பல் மோதுது" என்று அம்மையார் சொன்னார். முத்திரை மேடையின் முனையில் பழந்துணியைச் சுற்றிக் கட்டினார். அடுத்த ஆய்வில், அத்துணி 'அனுமதியற்ற அலங்காரம்' என்று பதிவாகி அவிழ்க்கப்பட்டது.

எதிர்வீட்டில் குடியிருந்த தையற்கார அக்காள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் மாலை, வாசலில் நின்றவாறே முத்திரையைத் தாழ்ந்த குரலில் அழைத்தார்.

"அண்ணே, நீங்க ஒருத்தர்தான் இந்தக் குடியிருப்புலயே இன்னும் சமையலறையில சமைக்கிறீங்க. தெரியுமா?"

"மத்தவங்க?"

"எல்லாரும் பாத்ரூம்ல. எங்க வீட்ல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, மேல சின்ன ஸ்டவ். சமையலறையைப் போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன்."

"அப்ப குளிக்கிறது?"

"அவர் ஆபீஸ்ல குளிச்சுக்கறார். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். பாத்ரூமுக்கு இன்னும் வாரியம் வரல அண்ணே. வர்றதுக்குள்ள நாலு நாள் நல்லா சாப்பிட்டுக்கங்க."

முத்திரை வீட்டிற்குள் சென்று மனைவியிடம் சொன்னார். அம்மையார் வெங்காயத்தை அரிந்துகொண்டே கேட்டார்.

"கக்கூஸுக்குப் பக்கத்துல உக்காந்து சோறாக்கச் சொல்றீங்களா?"

"நான் சொல்லல. அவங்க சொன்னாங்க."

"நீங்களா எதையும் சொல்ல மாட்டீங்கதான்" என்றார் அம்மையார். வெங்காயத்தை அரிவதைத் தொடர்ந்தார்.

இரண்டாம் சான்றிதழும் வந்தது.

மூன்றாமாண்டின் போக்கு, புலப்படாச் சமையலறை. சமையலறை, சமையலறையைப் போலத் தோன்றலாகாது. குளிர்ப்பெட்டி பலகைக்குப் பின்னே மறைய வேண்டும். பாத்திரங்கள் மறைய வேண்டும். தண்ணீர்க் குழாயும் கழுவுந் தொட்டியும் வெண்பலகை மூடிக்குள் அமிழ்ந்துவிட வேண்டும். அடுப்புக்குத் திருகு கூடாது. மேடையோடு மேடையாகப் பதிந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றே அடுப்பு. விரல் பட்டால் எரியும். விரல் பட்டால் அணையும். எரிந்தாலும் அணைந்தாலும் ஒரே 'கீச்' ஒலி. "வீட்டுக்குள் நுழைபவர், இங்கே சமையலறை இருக்கிறதா என்று வியக்க வேண்டும்" என்று நூலின் முன்னுரையில் தலைவர் எழுதியிருந்தார்.

பத்திரத்திற்கு இன்னும் பதினோரு மாதங்களே இருந்தன. முத்திரை எல்லாவற்றையும் செய்தார்; செய்து முடிக்க ஆறு மாதங்களுக்கு மேலாயிற்று.

புதிய அடுப்பு வந்த ஒன்பதாம் நாள், முத்திரை சோதனைக் கூடத்தில் இருந்தபோது தையற்கார அக்காளிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மையார், கண்ணாடி எங்கே முடிந்து மேடை எங்கே தொடங்குகிறது என்று அறிவதற்காக வலது உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்திருக்கிறார். 'கீச்' என்று கேட்டது அணைந்ததற்கென்று நினைத்தாராம்.

மருத்துவமனையில் கையைக் கட்டிவிட்டார்கள். பழைய உணர்ச்சி அந்த உள்ளங்கைக்கு முழுவதும் திரும்புமா என்று முத்திரை கேட்டார். மருத்துவர் நேராக விடை கூறாமல், இடது கையைப் பழக்கச் சொன்னார்.

நேர்ந்ததை முத்திரை முறைப்படி வாரியத்திற்கு எழுதினார். வாரியம் உடனே செயற்பட்டது. மூவர் குழு ஒன்று வீட்டிற்கு வந்து அரைமணி நேரம் அடுப்பைச் சோதித்தது. ஒருவர் உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தார், ஒருவர் குறித்துக்கொண்டார், ஒருவர் பெருமூச்சு விட்டார். நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மையாரின் கட்டுப்போட்ட கையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அது அடுப்பின் பகுதியன்று. ஏழாம் நாள் அறிக்கை கிடைத்தது. முத்திரை அதை உரக்கப் படித்தார். வீட்டிற்கு வரும் கடிதங்களை மனைவிக்குப் படித்துக் காட்டுவது அவரது வழக்கம்.

"'அடுப்பின் மேற்பரப்பில் தோல் படிந்த கறை ஒன்று காணப்பட்டது. மென்துணியாலும் இளஞ்சூடான நீராலும் அது முற்றிலும் நீக்கப்பட்டது. அடுப்புக்குச் சேதமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்...'"

படிப்பது பாதியில் நின்றது.

"முழுசாப் படிங்க. அச்சகம் பேர் வரைக்கும் படிப்பீங்களே" என்றார் அம்மையார்.

எஞ்சிய பகுதி விரல்தடங்களைப் பற்றியது. குழு போகிற போக்கில் சமையலறைப் பலகைகளையும் ஆராய்ந்திருந்தது. மாசற்ற வெண்பலகைகளில் இருநூற்றுப் பதினான்கு விரல்தடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பது கணவருடையவை; எஞ்சியவை அம்மையாருடையவை. ஒரு கதவைத் திறக்க ஒரு விரல்தடமே போதுமானதாயிருக்க, ஒரே கதவில் பதினேழு தடங்கள் இருப்பது தடவிப் பார்த்ததையே காட்டுகிறது. இது பலகையின் மீதுள்ள ஐயப்பாடாகக் கருதப்படும். அம்மையார் ஏற்கெனவே பார்ப்போர் கட்டத்தில் இடம்பெறாதவர் என்பதால், படிவத்தின் ஒன்பதாம் பத்தியில், 'மேடையருகே காணப்பட்ட தேவையற்ற அசையும் பொருள்கள்: 1' என்று சேர்க்கப்பட்டிருந்தது. அப்பொருளை அகற்றினால் சான்றிதழுக்குத் தடையில்லை.

முத்திரை கடிதத்தை மடித்தார். நேர்க்கோட்டில் மடிக்க மூன்று முறை முயன்றும் கோணிற்று.

"இன்னும் நாலு மாசந்தான்" என்றார்.

"சரி."

"பத்திரம் கைக்கு வந்துட்டா, எவனும் வந்து உன்னைப் போன்னு சொல்ல முடியாது. நான் இருந்தாலும் இல்லாட்டியும்."

"சரிங்க. நான் ஒண்ணும் சொல்லலையே."

அன்று முதல் அம்மையார் சமையலறைப் பக்கம் செல்லவில்லை. துறையின் உணவகத்திலிருந்து முத்திரை இருவேளையும் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடும் புட்டியில் குடிநீரும் கொணர்ந்தார். நடக்கத் தெரிந்த ஒன்பது அடியும் இல்லாமற்போன பின், அம்மையாருக்கு நாற்காலியும் கட்டிலும் கழிவறையும் மட்டுமே எஞ்சின. நாற்காலியிலேயே இருப்பார். முன்பெல்லாம் முத்திரை வேலையிலிருந்து திரும்பியதும், தெருவில் யார் யார் சண்டையிட்டனர், எவர் வீட்டில் பால் பொங்கி வழிந்தது என்று செவியால் திரட்டியவற்றை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பவர். இப்போது மணி என்ன என்று மட்டும் கேட்டார். சிறிது நேரத்தில் மறுபடி கேட்டார். இடது கையின் விரல்கள் நாற்காலியின் கைச்சட்டத்தில் ஏதோ ஒன்றைத் தேடி ஊர்ந்தபடி இருக்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஒருநாள் மாலை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அம்மையார் கேட்டார்.

"இந்த வீட்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"உனக்கு வலது பக்கம். அதேதான். மாறல."

"அப்படியா? எனக்கு யாரோ வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. எப்ப கிளம்பலாம்னு கேக்க வாய் வருது. கேட்டா நீங்க வருத்தப்படுவீங்க."

முத்திரை பாத்திரங்களை அடுக்கினார்.

நான்கு மாதங்கள் கழிந்தன. மூன்றாம் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு கடிதம் வந்தது. குடியிருப்பின் தொள்ளாயிரம் வீடுகளிலும் ஆய்வு செய்ததில், பிற வீடுகளில் போர்வை போட்டு மூடியவர்களின் விரல்தடங்களேனும் இருக்க, ஒரு விரல்தடமும் இல்லாத சமையலறை முத்திரையின் வீட்டில் மட்டுமே இருப்பதாகவும், எனவே அதனை ஆண்டின் தலைசிறந்த சமையலறையாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், பரிசளிப்பும் உரிமைப் பத்திரம் வழங்கலும் அவ்வீட்டிலேயே நிகழும் என்றும் அதில் கண்டிருந்தது.

விழா நாளன்று காலை பத்து மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. சமையலறை தொடங்கும் இடத்தில் சிவப்புக் கயிறு கட்டினர்; விருந்தினர் பயன்படுத்திவிடாதவாறு குளியலறையைப் பூட்டிவைத்தனர். புகைப்படக்காரர் ஒருவர் கயிற்றுக்கு இப்பால் நின்று அப்பால் இருந்த வெண்மையைப் படமெடுத்தார்; படத்தில் ஒன்றும் விழவில்லை என்று ஒருவர் கூற, அதுதான் சிறப்பு என்று ஆய்வாளர் விளக்கினார். அம்மையாரை, படத்தின் ஓரத்தில் வந்துவிடாதவாறு, நாற்காலியோடு தூக்கி வாசற்பக்கம் வைத்தனர். தையற்கார அக்காள் அருகில் நின்றார்.

தலைவர் பேசினார்.

"பெரியோர்களே, இச்சமையலறையைக் காணுங்கள். நான்கு திங்களாக இங்கே ஒரு துளி எண்ணெய் சிந்தவில்லை. ஒரு வெங்காயம் அரியப்படவில்லை. ஒரு குவளை கழுவப்படவில்லை. வாரியம் தோன்றிய நாள் முதல் நாங்கள் கண்ட கனவு இதுவே. சமையலறைகளுக்கு நேரும் கேடுகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சமையலால் விளைபவை என்று கண்டறிந்தோம். அக்கேட்டினை இக்குடும்பம் வென்றிருக்கிறது. எல்லா வீடுகளும் இந்நிலையை எய்தும் நாளில் எங்கள் பணி நிறைவுறும். அதன்பின் வாரியம் கலைக்கப்படுமா என்று சிலர் கவலையோடு வினவுகின்றனர். கவலை வேண்டா. படுக்கையறைகள் இருக்கின்றன. அங்கே மக்கள் இன்னும் படுத்து உறங்கி, விரிப்புகளைக் கசக்கிவருவதாகத் தகவல் வந்திருக்கிறது."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியபோது வாசற்பக்கத்திலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? தொண்டை அடைக்குது."

முத்திரை அன்று வேலைக்குச் செல்லவில்லை. ஆதலின் உணவகத்திலிருந்து நீர்ப்புட்டி கொணரப்படவில்லை. அவர் கயிற்றின் அருகே சென்றார். கயிற்றைப் பிடித்திருந்த ஊழியர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். முத்திரை உள்ளே நுழைந்து வெண்பலகைகளின் முன் நின்றார். நான்கு மாதங்களாக அவரும் அங்கே நுழைந்ததில்லை. ஒன்றை அழுத்தினார், வெறும் அலமாரி. மற்றொன்றை அழுத்தினார், குளிர்ப்பெட்டி, அணைந்து கிடந்தது. அடுத்தது திறக்கவேயில்லை.

"குழாய் எங்கங்க?" என்று ஆய்வாளரைக் கேட்டார்.

"இங்கதான் சார் எங்கேயோ... ஒரு நிமிஷம்" என்று ஆய்வாளர் நூலைப் புரட்டினார். "நாற்பத்தோராம் பக்கம். 'குழாய் இருக்குமிடம் புலப்படாதிருத்தல் வேண்டும்.' ஆமா சார், ரொம்பக் கச்சிதமா பண்ணியிருக்கீங்க."

ஊழியர்கள் இருவர் சேர்ந்து அழுத்திப் பார்த்தனர். தச்சர் அழைக்கப்பட்டார், தாம் மூடியதில் எது எங்கே என்று தமக்கே நினைவில்லை என்றார். புகைப்படக்காரர், தடவ வேண்டாம், தடம் விழும் என்று இரைந்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரையும் கேக்காதீங்க. பரவாயில்ல. எச்சிலை முழுங்கிக்கறேன்" என்றார் அம்மையார்.

முத்திரை கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார். எதிர்வீட்டுக்குள் சென்று, குளியலறையில் கவிழ்த்திருந்த வாளியையும் அதன்மேலிருந்த அடுப்பையும் சுற்றிக்கொண்டு போய், குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்துவந்தார். அம்மையாரின் இடக்கையில் அதைக் கொடுத்தார். அம்மையார் குவளையை இரு கைகளாலும் தடவிப் பார்த்து, பிறகு நிறுத்தாமல் குடித்தார். நாற்காலியின் அருகே நின்று, குடித்து முடியும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் பலகைகளை மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாருங்கள், ஐயா" என்று தலைவர் பத்திரத்தை நீட்டினார். "முப்பதாண்டு உழைப்பின் பயன். இங்கே ஒரு கையொப்பம் இடுங்கள். வீடு உங்களுடையது."

முத்திரை பத்திரத்தை வாங்கவில்லை. வழக்கப்படி அடிவரை படிக்கவும் இல்லை. மனைவியின் கையிலிருந்த குவளையை வாங்கி, எதிர்வீட்டு அக்காளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாங்க. சமைக்கிற மாதிரி ஒரு வீடு பாத்துட்டு, இந்த மாசக் கடைசியில நாங்க காலி பண்ணிடறோம்" என்றார்.